ருசித்துவிட்டது

செவ்வாய்க்கிழமை காலை, மூலனூர் தாண்டி ஒரு கடையில், அவனுக்கு இட்லி ருசித்துவிட்டது.

கை அப்படியே நின்றது.

குழந்தை போய் அன்றைக்கு இருபத்தோராம் நாள். மூன்று நாள்தான் உயிரோடு இருந்தது. பையன். பெயர் வைக்கவில்லை. லீவு முடிந்து நேற்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். இந்தப் பாழாய்ப்போன நாக்கு அதற்குள் இன்னொரு கரண்டி சட்னி கேட்கிறது.

எதிரே கம்பெனி வேன் டிரைவர் ரத்தினசாமி நாலாவது இட்லியில் இருந்தார். அவன் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க சார். இட்லி தின்னதுக்கு எந்தக் கோர்ட்டுலயும் கேஸ் கிடையாது."

அவன் இன்னும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் மனைவி தெய்வானை போனில் கூப்பிட்டாள். பிரசவத்துக்குப் போனவள், இன்னும் சென்னிமலையில் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

"ஏனுங்க, சாப்ட்டீங்களா?"

"என்னமோ தின்னேன். வாய்க்கே வெளங்கல."

அப்படிச் சொல்வதுதான் முறை என்று அவனுக்குப் பட்டது. பெற்றவள் அங்கே சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறாள். இட்லி பஞ்சு மாதிரி இருந்தது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அவனுக்குப் பால் சங்கங்களில் வேலை. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் மெஷினைப் பழுது பார்க்க வேண்டும். காலைக் கறவைக்கு ஒரு ஊர், சாயங்காலக் கறவைக்கு வேறொரு ஊர். நடுப்பகல் முழுக்கச் சும்மா.

புதன்கிழமை மதியம் வேப்பமரத்தடியில் நின்ற வேனுக்குள்ளேயே கண்ணை மூடினான்.

தூங்கிவிட்டான்.

கனவுகூட இல்லை. எழுந்தபோது தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. உடம்பு லேசாக இருந்தது. ச்சே, என்ன ஜென்மம் நான் என்று வாய்விட்டே சொன்னான்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே வர்றதில்ல" என்றான் அன்று சாயங்காலம் அவளிடம்.

"உம்" என்றாள்.

வியாழக்கிழமை தாராபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூக்கடைகள் வந்தன. அவன் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினான். பால் கட்டிக்கொண்டு அவள் துடித்தபோது, மாமியார் மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னார். மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றுமாம். ஐந்து நாள் அவன்தான் வாங்கிப் போனான்.

"வூட்டுல விசேஷமுங்களா?" என்று அப்போது சென்னிமலைப் பூக்காரம்மா கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்ன ஊர். மெஷின் சரியானதும், சங்கத்துச் செயலாளர் அம்மா ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றான்.

"மெசின் சொன்னாப் பத்துமா தம்பி? குடிச்சுப் பாக்கோணும்."

கருப்பட்டி போட்ட பால். ஒரு வாய் என்றுதான் எடுத்தான். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டான். நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

டம்ளரை வைத்தான். வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதான். அழும்போதும் வாயில் இனித்துக்கொண்டிருந்தது.

அன்று அவள் கேட்டதற்கு, "பச்சத்தண்ணிகூட எறங்கல" என்றான்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. வேன் ஈரோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. போன் வந்தது. சாப்பிட்டீர்களா என்று அவள் இன்று கேட்கவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே?"

"சொல்லு."

"இன்னைக்கு நான் சிரிச்சுப்போட்டனுங்க."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஆட்டுக்குட்டி எங்கம்மா முந்தானையக் கவ்விக்கிட்டு விடமாட்டீங்குது. அம்மா வாசல் பூராச் சுத்துது. என்னையறியாமச் சிரிச்சுப்போட்டன். சோறும் ரெண்டு நாளா நல்லாத்தான் எறங்குது."

குரல் உடைந்தது.

"நீங்க அங்க பட்டினி கெடக்கறீங்க. பெத்தவ நான் தின்னுட்டுச் சிரிச்சுட்டு உக்காந்திருக்கறேன். அவன நெனச்சுட்டு இருக்கறது நீங்க ஒருத்தர்தானுங்க. நான் நல்லவளே இல்லீங்க."



தினமும் அவளுக்குத் துணையாக இருப்பதாக நினைத்துத்தான் சொன்னான். சொன்ன ஒவ்வொரு பொய்யும் அங்கே போய் அவளைக் குத்தியிருக்கிறது.

"தெய்வான, நான் சொன்னது பூராவும் பொய். நல்லாத்தான் தின்னேன். நல்லாத்தான் தூங்குனேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல."

ரத்தினசாமி எதையும் கேட்காதவர்போல ரோட்டையே பார்த்து ஓட்டினார். காங்கேயத்தில் சென்னிமலை ரோடு பிரிகிற இடத்தில், யாரும் சொல்லாமலே வண்டியைத் திருப்பினார்.

"நேரா அங்கதான் வர்றேன்" என்றான் அவன். "எனக்குப் பசிக்குது."

போன் கட்டாகிவிட்டதோ என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்தான்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள்.

"என்ன கொழம்பு வெக்கட்டும்?"