கண்ணாடிப் பெட்டியும் கறுப்புப் பெட்டியும்

கடையில் எல்லார் கண்ணெதிரேயும் சிரில் கண்ணாடிப் பெட்டிக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பார்க்கிறார். அரிசிக் கிடங்கில் மூட்டை சுமந்து முதுகு வளைந்த மனிதர். தூக்கிப் பார்க்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சுழன்று அவர் பனியனில் சாயம் அடிக்கின்றன. "நல்ல கனம்லா. இதான் சரக்கு." மகள் ஜோவான் மெதுவாகச் சொல்கிறாள்: "அது கண்ணாடியோட கனம்ப்பா. என் அக்கவுண்ட்ஸ் படிப்புக்கு அந்தக் கறுப்புப் பெட்டிதான் சரி. வேகமும் அதுலதான் கூட." விற்பனையாளன் வாயைப் பொத்தாமல் சிரிக்கிறான். பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்க்க, அவன் கேட்கிறான்: "அங்கிள், இது பாசார்ல வாங்கற கோழியா, தூக்கிப் பாக்க?" சிரிலின் கழுத்து நரம்பு புடைக்கிறது. பெட்டியை அவர் இறக்கும் வேகத்தில் மேசை அதிர்கிறது. "நான் முட்டாள்தான் தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச நீ அரை மணி நேரமா எதக் காட்டின? பிள்ள படிக்கணும்னு கேட்டா, கிறிஸ்மஸ் குடிலு மாதிரி லைட்டப் போட்டுக் காட்டுற! அவ கேட்டத ஏன்டா மேசைக்கு அடியில தள்ளி வச்சிருக்க?" சிரில் குனிந்து, தூசி படிந்த கறுப்புப் பெட்டியைத் தானே இழுத்தெடுத்து அவன் மூக்குக்கு நேரே வைக்கிறார். "போட்டுக் காட்டு. எனக்கில்ல, அவளுக்கு. அவ சரின்னா பில்லு போடு. நீ சிரிச்சதையும் அதுல சேத்துடாத."