அப்பாவின் கைநாட்டு

"பென்ஷனுக்குப்பா, இங்க கைநாட்டு வைங்க" என்று பத்திர அலுவலகத்தில் கூசாமல் சொன்னாள் மகள். நினைவு தப்பத் தொடங்கியிருந்த அப்பா சிரித்தபடி கையை நீட்டினார். தழும்பு ஓடிய அந்தக் கட்டைவிரலை அவளே பிடித்து நீல மையில் அழுத்தினாள். வீடு அவள் பெயருக்கு வந்தது. அடுத்த வாரமே அவரை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டாள்.

அதன்பின் எரியவிட்டுப் படுக்கும் விளக்கெல்லாம் விடியும்போது அணைந்திருந்தன.

"உங்கப்பா கஞ்சத்தனம் உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று கணவன் கேலி செய்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. ஸ்விட்சுகளில் நீல ரேகை பதிந்திருந்தது. அதன் நடுவே தழும்பு. துடைத்தாள். மறுநாளும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்கு ஓடிப்போய் அவர் விரலைப் புரட்டிப் பார்த்தாள். மை துளியும் இல்லை.

"என்னம்மா தேடற? லைட்டெல்லாம் அணைச்சுட்டுத்தான் வர்றேன். கரண்ட் பில்லு உன் தலையில விழக்கூடாதுல்ல?"

பிடித்திருந்த விரலைச் சட்டென்று விட்டாள்.

"ஆமா, நேத்து அசதியா இருந்துச்சு. படுக்கலாம்னு என் ரூமுக்குப் போனா, கட்டிலைக் காணோமே?"

முந்தாநாள்தான் அந்தக் கட்டிலைப் பழைய சாமான் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அறைக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தாள். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மகளின் முகம் வாடியதும் அப்பா பதறிப்போனார். "அதுக்கென்னடா கண்ணு, தரையிலயே சுவத்துல சாஞ்சு தூங்கிட்டேன்" என்றபடி தண்ணீர் எடுத்துவரத் திரும்பினார்.

அவருடைய சட்டை முதுகெல்லாம் பச்சைப் பெயிண்ட்.