பதினைந்து கிலோவுக்குள்

ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் நிற சாக்ஸுக்குள் போட்டு, சத்தம் வராமல் முடிச்சுப் போட்டார் மூத்த மாப்பிள்ளை. தூண்டில் நூலில் கட்டுகிற குண்டுகள். மொத்தம் இரண்டு கிலோ. சாக்ஸைப் பயணப் பையின் அடியில், ஸ்வெட்டருக்குக் கீழே செருகி, ஜிப்பை மெல்ல இழுத்தார்.

பை அவருடையது அல்ல. சகலை சின்னவனுடையது.

தூக்கிப் பார்த்தார். கல்லாய்க் கனத்தது. "தடியன், வீட்டையே அள்ளிப் போட்டிருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டே, சாப்பாட்டு அறையில் கைகழுவும் சத்தம் கேட்டதும் நல்ல பிள்ளை மாதிரி சோபாவில் போய் உட்கார்ந்தார்.

எல்லாம் மாமனாரால் வந்த வினை. இரும்புக்கடை முதலாளியான அவர், கடல் தாண்டி எங்கோ காட்டுக்கு நடுவில் இருக்கும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறார். தங்குவதற்கு ஒரு மர விடுதி. அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது, போன் கிடையாது. கூட வருவதாக இருந்த நண்பர் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட, மருமகன்களில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். மருமகன்களை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். சம்பளம் கொடுக்கிறவர் இல்லையா!

"ஏரிக்குப் போறது குட்டி விமானம். ஆளுக்கு ஒரு பை, பதினஞ்சு கிலோவுக்குள்ள. கிளம்புற அன்னிக்குக் காலையில கடைத் தராசுல வைங்க. சொன்ன எடைக்குள்ள ஒரு பையைக் கட்டத் துப்பில்லாதவனை நட்டநடு ஏரியில வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அன்றிலிருந்து மூத்தவரின் வீட்டில் நிம்மதி போயிற்று.

"அப்பாகூட பத்து நாள் இருந்துட்டு வர்றவருக்குத்தான் கடைச் சாவி" என்றாள் மனைவி. "இதையும் கோட்டை விட்டீங்கன்னா ஆயுசுக்கும் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கிட்டே இருங்க. என் தங்கச்சி புருஷன் கல்லாவுல உட்கார்ந்துக்கிட்டு உங்களை அதட்டட்டும்."

அவர் விழுந்தடித்துக்கொண்டு பை கட்ட உட்கார்ந்தார். பையை ஏழெட்டு முறை எடை போட்டார். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட ஒடித்து எறிந்தார். சின்னவனோ ஒரு தடவைகூடத் தராசுப் பக்கம் போகவில்லை. பையைத் தன் வீட்டுக் கூடத்தில் கேட்பாரில்லாமல் போட்டுவிட்டு, வாயை மட்டும் திறந்து வைத்திருந்தான்.

"நீங்க எதுக்குண்ணே சிரமப்படுறீங்க? அந்தக் குளிர் உங்க வயசுக்கு ஒத்துக்காது."

"உன்னைவிட மூணே வயசுதான்டா பெரியவன்!"

"அதைத்தாண்ணே சொல்றேன். முட்டி வலியோட படகுல எப்படி உட்காருவீங்க? நான் போயிட்டு வரேன். உங்களுக்கு ஒரு மீன் எடுத்து வைக்கிறேன்."

அப்படிச் சொல்லி அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகுதான் மூத்தவர் ஈயத்தில் கையை வைத்தார். சும்மா இருந்தவரைச் சீண்டினால் வேறென்ன செய்வார்!

மறுநாள் காலை, கடைக் கிடங்கில் மாமனார் தராசுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார். மூத்தவரின் பை பதினாலே முக்கால். சின்னவனின் பையை வைத்ததும் முள் குதித்துப் போய் பத்தொன்பதில் நின்றது.

'நான் போட்டது ரெண்டு கிலோ. பதினஞ்சுக்கு மேல நாலு கிலோ எப்படி ஏறிச்சு?' என்று மூத்தவரின் மனசில் ஒரு கேள்வி தலைகாட்டியது. இருந்த சந்தோஷத்தில் அதை அவர் உட்காரச் சொல்லவில்லை.

"மாமா, கொஞ்சம் துணியை எடுத்துட்டா..." என்று இழுத்தான் சின்னவன்.

"ஒண்ணையும் எடுக்க வேண்டாம். தூக்கிட்டுப் போ அந்தப்பக்கம். தண்டம்!"

சின்னவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பையைத் தூக்கிப் போனான். மூத்தவருக்கு அந்த இடத்திலேயே குதிக்கலாம் போலிருந்தது. மனைவிக்குப் போன் போட்டு, "ஒழிஞ்சான்!" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அரை மணி நேரத்தில் கார் வந்தது. மூத்தவர் மாமனாரின் தூண்டில் பெட்டியையும் சேர்த்துச் சுமந்துபோய் வண்டியில் ஏற்றினார். மாமனார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். மூத்தவர் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தா, பிடி" என்று மாமனார் சாவியைச் சின்னவனிடம் நீட்டினார். "இங்க இருக்கிறவன்தானே கடையைப் பார்த்துக்கணும். கல்லா இனிமே உன் பொறுப்பு. ஒழுங்கா நடத்தினேன்னா, திரும்பி வந்தும் நான் இதைக் கேட்க மாட்டேன். எனக்கும் வயசாச்சு."

மூத்தவர் துடைத்த கையோடு முன்னால் வந்தார். "மாமா... சாவி... உங்ககூட வர்றவருக்குன்னு..."

"எவன் சொன்னான்? ஏரியில பூட்டா தொங்குது? ஏறு வண்டியில. பத்து நாளும் மண்புழு கோக்கிறது, படகுக்குத் துடுப்புப் போடுறது எல்லாம் நீதான். நான் குறட்டை விடுவேன், காதுக்குப் பஞ்சு எடுத்துக்கிட்டியா?"

பேயறைந்தவர் போல மூத்தவர் காரில் உட்கார்ந்தார். கார் நகரப் போன நேரத்தில் சின்னவன் ஓடிவந்து, ஜன்னல் வழியாக அவர் மடியில் எதையோ பொத்தென்று போட்டான். சாம்பல் நிற சாக்ஸ்.

"உங்களுது இவ்வளவுதாண்ணே. மிச்ச ஈயம் நான் போட்டது."