இரண்டு விரல் தட்டல்

"எழுந்திரு. பேனாவை அப்படியே கீழ வை."

பேப்பர் சார் குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தி யாரும் கேட்டதும் இல்லை. ஆனாலும் தேர்வறையில் நாற்பது பேனாக்கள் ஒரு நொடி நின்றுவிட்டன.

எழுந்தவள் மேகம். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆள் இங்கே, மனசு எங்கேயோ என்று இருப்பதால் வகுப்புத் தோழிகள் வைத்த பெயர் இது. இப்போதும் அவள் முழுசாகத் தரையிறங்கியிருக்கவில்லை. வெளியே தூறல். இதயத்தின் படத்தை வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருந்தவள், ஜன்னல் கண்ணாடியில் வழிந்த ஒரு சொட்டோடு கொஞ்ச தூரம் போய்விட்டிருந்தாள்.

"யாருக்கு சிக்னல் கொடுத்தே?" என்று கேட்டார் சார்.

"சிக்னலா சார்?"

"ரெண்டு விரலால விடைத்தாளைத் தட்டினே. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. ரெண்டு விரல்னா ரெண்டாவது விடை. அதானே? பின்னாடி இருக்கிறவ நிமிர்ந்து பார்த்ததையும் நான் கவனிச்சேன்."

மேகம் தன் இடது கையைப் பார்த்தாள். அது தட்டியது அவளுக்கே தெரியாது. விஷயம் புரிந்தபோது முதலில் சிரிப்பு வந்தது. சாரின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போனது.

இரண்டு வருடமாக அவள் பாடக் குறிப்பெல்லாம் டேப்லெட்டில்தான் எழுதுகிறாள். அண்ணன் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழையது, ஒரு மூலையில் கீறல். பஸ்ஸில் எழுதுவாள், படுத்துக்கொண்டு எழுதுவாள். அதில் பக்கம் தீராது, தப்பும் தங்காது. இரண்டு விரலால் திரையைத் தொட்டால் போதும், கடைசியாக எழுதியது சத்தமில்லாமல் மறைந்துவிடும். அது மறைவதைப் பார்ப்பதற்காகவே சில நாள் வேண்டுமென்றே தப்பாக எழுதுவாள். இதை வெளியே சொன்னால் இன்னொரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

படத்தில் நம் வலக்கைப் பக்கம் இருப்பதுதான் இதயத்தின் இடது அறை. இன்று அந்த இடத்தில் 'வலது' என்று எழுதிவிட்டாள். மனசு மழையில் இருந்தது, கை தன் பாட்டுக்குத் தட்டிவிட்டது.

"டேப்லெட் பழக்கம் சார். தப்பா எழுதினா ரெண்டு விரலால தட்டுவேன், அழிஞ்சிடும். இது பேப்பர்ங்கறதை மறந்துட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"டேப்லெட் சமாசாரமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா பேப்பரைத் தட்டினா எழுத்து அழியும்னு எந்த மனுஷனாவது தட்டுவானா? நம்புற மாதிரி ஏதாவது சொல்லும்மா."

சாருக்கு டேப்லெட் என்றாலே ஆகாது. அவர் வகுப்பில் அதை வெளியே எடுக்கவே கூடாது. ஒவ்வொரு வருடமும் முதல் நாள், தன் கையால் எழுதிய குறிப்புகளைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுப்பார். நூற்றிருபது பக்கம். முத்து முத்தான கையெழுத்து. விளக்கு வைத்துத் தேடினாலும் ஓர் அடித்தல் கிடைக்காது. தப்பை அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை தப்பே செய்யாது, அதுதான் பேப்பரின் மகிமை என்பார். பேப்பர் சார் என்ற பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். மேகத்துக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு வரும். எவ்வளவு நிதானமான மனுஷன் என்று நினைத்துக்கொள்வாள்.

அவளை முன்னால் அழைத்துப் போய்த் தன் மேசை அருகே நிறுத்தினார். கோப்பிலிருந்து முறைகேடு புகார்ப் படிவத்தை உருவினார். அது முதல்வர் அறைக்குப் போனால் இந்த வருடம் எழுதிய தேர்வு அத்தனையும் ரத்து. ஒரு வருடம் போச்சு.

அவள் தன் விடைத்தாளை நீட்டி, தப்பாக எழுதிய இடத்தைக் காட்டினாள். சார் அதைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. மழையும் ஜன்னலும் சாரின் வழுக்கையும் ஒன்றாகக் கரைந்து மிதந்தன. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தாள். பேப்பரைத் தட்டினேன் அம்மா, அதுதான் நான் செய்த குற்றம். அம்மாகூட நம்ப மாட்டாள்.

சார் எழுத ஆரம்பித்தார். தேதி. அறை எண். அடுத்து அவளுடைய தேர்வு எண். கடைசி வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தார். குனிந்தபோது ஒன்று போட வேண்டிய இடத்தில் ஏழு விழுந்திருந்தது.

அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் தாளை மெல்லத் தட்டின.

ஏழு அப்படியே இருந்தது.

இன்னொரு தரம் தட்டினார். அப்போதுதான் தன் விரல்களைத் தானே பார்த்தார். அவற்றை எடுக்கவும் முடியாமல், அங்கேயே வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

மேகமும் பார்த்துவிட்டாள். நூற்றிருபது பக்கத்து அடித்தல்களும் எங்கே போயின என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்பது பேர் கேட்பார்கள்.

அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அடிச்சிட்டுத்தான் எழுதணும் சார். பேப்பர்ல வேற வழியில்ல. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

சார் பேனாவை மறுபடியும் தாளில் வைத்தார். மாணவர்கள் அறிய, அவர் எழுத்தில் முதல் முறையாக ஓர் அடித்தல் விழுந்தது. மேல் மூலையில் தொடங்கி, கீழ் மூலை வரைக்கும், புகார் முழுவதற்கும் குறுக்கே.