கத்தி பிடிக்காத கை

போரில் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரி மூடப்பட்டதால், படிப்பை முடிக்காமலே கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள் உமரும் பக்கிரிசாமியும். பெரிய டாக்டரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோன பிறகு, எல்லா வேலையும் இவர்கள் தலையில்.

"குடல்வால் வீங்கியிருக்கு. இப்பவே எடுக்கணும். நீதான் அறுக்கணும்," என்றான் உமர், மேசையைப் பிடித்தபடி.

"நானா? காலேஜ்ல தள்ளி நின்னு பார்க்கத்தானே விட்டாங்க? இங்கேயும் நீதானே அறுப்பே!"

"இன்னிக்கு என்னால முடியாதுலா."

"எனக்கும்தான் தூக்கமில்ல. களைப்பு உனக்கு மட்டும்தானா?"

உமர், எங்கே கீறுவது, எப்படித் தைப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பக்கிரிசாமி சலிப்போடு ஒப்பித்தான்.

"சரி, போதும். நோயாளியைக் கூப்பிடு," என்றான் பக்கிரிசாமி.

உமர் சட்டையைக் கழற்றினான். வலப்பக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் ஏறிப் படுத்தான்.

"டேய்! முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா ஒரு கேள்விக்காவது சரியா பதில் சொல்லியிருப்பியா? நர்ஸம்மாவை மயக்கமருந்து கொண்டுவரச் சொல்லு."

பொழுது சாயும்போது உமர் கண் திறந்தான். தையல் போட்ட இடம் வலித்தது. பக்கத்தில், கையுறையைக்கூடக் கழற்றாமல், தரையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான் பக்கிரிசாமி.