மூன்றாவது அடி

ஞாயிறு மதிய வெயில் தையல் மேசையில் விழுந்து கிடக்கிறது. தையல்காரி இன்று ஊசியைத் தொடவில்லை; கணினி விளையாட்டுக்குள் வாள் அடித்துக்கொண்டிருக்கிறாள். சண்டைக்கு ஒருநாளும் போனதில்லை, ஆனால் அவள் அடித்துக் கொடுத்த வாள் இல்லாமல் அங்கே ஒரு கோட்டையும் விழாது என்று பேச்சு. இரண்டு மாதமாகச் சேர்த்த நாக இரும்பு உலையில் சிவக்கிறது. சுத்தியலால் மூன்றே அடி. நடுவில் இணையம் அறுந்தால் அத்தனையும் மண். திரையில், கூட விளையாடும் நாற்பது வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். மேசைக்கடியில் அவள் கணவர், மோடத்தின் ஆடுகிற ஒயரை இரண்டு விரலால் பிடித்தபடி குந்தியிருக்கிறார். "மூக்கு அரிக்குதும்மா." "அசைஞ்சீங்க, கொன்னுடுவேன்." டங். டங். அவள் கழுத்தில் வியர்வை இறங்குகிறது. மூன்றாவது அடியில் திரை முழுக்கத் தணல் பொங்க, வாள் எழுகிறது. ஸ்பீக்கரில் நாற்பது தொண்டைகளும் ஒன்றாய்க் கத்துகின்றன. "வந்துடுச்சா?" மேசையில் தலையை இடித்துக்கொண்டே எழுந்த கணவர், திரையை நோக்கி விரலை நீட்டுகிறார். "ஐயோ, தொடாதீங்க, சுடும்!" என்று அலறுகிறாள். அவரும் வெடுக்கென்று கையை இழுத்து, விரலை ஊதிக்கொள்கிறார்.