ஆந்தைக்கு ஆகாத சத்தம்

டாக்டர் ஆந்தையின் இடது இறக்கையை விரித்துப் பார்த்தார்.

"எலும்பு நல்லா கூடிடுச்சு. இன்னைக்கே விட்டுடலாம்."

"இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே டாக்டர். பாவம், சாப்பாட்டுக்கு எங்க போகும்?" என்றேன்.

என் கணவர் நெகிழ்ந்து போனார். "இவளுக்குப் பிரிய மனசில்ல டாக்டர்" என்றார் மெதுவாக. இப்போதெல்லாம் எதையுமே மெதுவாகத்தான் சொல்கிறார்.

அலுவலக வாசலில் அடிபட்டுக் கிடந்ததைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் அதட்டினால் கைகால் உதறுகிற ஊழியர்கள் எல்லோரும், சாருக்கு எவ்வளவு இளகிய மனசு என்று கைதட்டினார்களாம்.

அன்று இதே டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வீட்டில் சத்தம் கூடாது. பயந்தால் அதன் இதயம் நின்றுவிடும்.

ஊழியர்கள் தினமும் நலம் விசாரிக்கிற ஆந்தை. அது அவர் கையில் சாகலாமா?

கல்யாணமான நாளிலிருந்து கூரை அதிரக் கத்தியவர் அன்றோடு அடங்கினார்.

நான் குக்கரைப் பரணில் ஏற்றினேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூட அவர் என் காதருகே வந்து சொன்னார். கிசுகிசுத்துத் திட்டினால் அது திட்டு மாதிரியே இருப்பதில்லை. "ஆந்தை மாதிரி முழிக்காதே" என்று என்னை ஏசிய அதே வாய், ஆந்தையைப் பார்த்துக் கண்ணு என்றது.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறாரா என்று கேட்டார்.

மகள் சாப்பிடும்போது பேச ஆரம்பித்திருந்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

டாக்டர் பால்கனியில் கையை உயர்த்தினார். ஆந்தை எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு சத்தமே இல்லாமல் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய்விட்டது. நன்றி கெட்டது.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடியோ எடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்த போனை வாங்கினார். அலுவலகமே அந்த வீடியோவுக்காகக் காத்திருந்தது.

நான் பட்டனை அழுத்தவே மறந்திருந்தேன்.

டாக்டர் படி இறங்கி முடிக்கும் வரை அவர் பொறுமையாக நின்றார். பிறகு ஆந்தை இருந்த மூலையை ஒரு முறை பார்த்தார். இனி யாருக்காக அடங்க வேண்டும்? மார்பு நிறைய மூச்சை இழுத்தார்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த மகளைக் காணோம். நல்லவேளை, அவளாவது தப்பித்தாள் என்று நினைத்தேன்.

வாசல் கதவு திறந்தது. மகள் ஒரு செருப்புப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். மூடியில் வரிசையாக ஓட்டைகள்.

"அப்பா, மெதுவா. மாடிப்படியில கிடந்துச்சு, ரொம்பக் குட்டி. மூடியத் திறந்தா செத்துடும்."

இழுத்த மூச்சு வந்த வழியே போனது. அவர் எட்டி நின்று, "என்ன பறவைம்மா?" என்று கிசுகிசுத்தார்.

நான் முந்திக்கொண்டு பெட்டியை வாங்கினேன். காலிப் பெட்டியின் எடைதான் இருந்தது.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாவங்க" என்றேன் அடிக்குரலில். "பயந்து நடுங்குது."